ஆறே மூவில் முடிந்த ஆட்டம்: பதிவான செஸ் ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் படிப்பது எப்படி?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. வீட்டில் செஸ் ஆடும் பிள்ளையும் இருக்கிறது என்றால், அந்தக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருக்கும். இன்டர்நெட்டில் முகம் தெரியாத யாரோ ஒருவருடன் ஐந்து நிமிட ஆட்டம். தோற்றால் இன்னொன்று. ஜெயித்தால் இன்னும் ஒன்று. இதில் விரல் வேகம் கூடும். ஆட்டம் அதே அளவுக்குக் கூடாது. கம்ப்யூட்டரை இதைவிட நல்ல வழியில் பயன்படுத்த முடியும். பெரிய ஆட்டக்காரர்கள் ஆடிய ஆட்டங்கள் லட்சக்கணக்கில் பதிவாகி, இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து முறையாகப் படிப்பது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

எங்கள் கோவைப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில், வெளியே காத்திருக்கும் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "ஏனுங்க தம்பி, என்ற பையன் பத்து மூவ் வரைக்கும் தண்ணிபட்ட பாடா ஒப்பிக்கிறானுங்க. ஆனா பதினஞ்சாவது மூவ்லயே தோத்துட்டு வந்து நிக்கறானுங்க. என்னதானுங்க கோளாறு?"

கோளாறு ஞாபக சக்தியில் இல்லை. மூவ்களை மனப்பாடம் செய்த பையன், அவற்றின் காரணங்களைக் கேட்கவில்லை. எதிராளி புத்தகத்தில் இல்லாத ஒரு மூவ் ஆடியதும் கை நின்றுவிடுகிறது. இது சிறு பிள்ளைகளுக்கு மட்டும் நேர்வது என்று நினைக்க வேண்டாம். விஸ்வநாதன் ஆனந்துக்கே ஒருமுறை நேர்ந்திருக்கிறது. இன்று நாம் படிக்கப் போவது அந்த ஆட்டத்தைத்தான்.

கோவையிலிருந்து பியல் வரை

இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனந்த் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பட்டத்துக்கு வழி திறந்தது கோவை என்பது நம் ஊர்ப் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. 1987-ம் ஆண்டு ஆனந்த் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார். அதே ஆண்டு டிசம்பரில் கோவையில் நடந்த சக்தி பைனான்ஸ் சர்வதேசப் போட்டியில் வென்றார். 1988-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அப்போது அவருக்கு வயது 18.

கோவையில் வென்ற சில மாதங்களில், 1988-ம் ஆண்டிலேயே, சுவிட்சர்லாந்தின் பியல் நகரில் ஒரு போட்டி. எதிரில் கொலம்பியா நாட்டு கிராண்ட்மாஸ்டர் அலோன்சோ ஸபாட்டா. ஆனந்துக்குக் கருப்புக் காய்கள். வெள்ளை ஆறாவது மூவை ஆடியதும் ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஒரு கிராண்ட்மாஸ்டர் ஆறு மூவில் தோற்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

எப்படி நடந்தது? அவர் ஆடிய ஐந்தாவது மூவ் புதிதல்ல. 1987-ல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இங்கிலாந்தின் டோனி மைல்ஸும் அமெரிக்காவின் லாரி கிறிஸ்டியன்சனும் ஆடிய ஆட்டத்தில் அதே மூவ் வந்திருந்தது. அந்த ஆட்டம் டிராவில் முடிந்தது. ஆனந்த் அந்தப் பதிவைப் பார்த்திருந்தார், அதை நம்பி ஆடினார் என்று செஸ் எழுத்தாளர்கள் பலரும் எழுதியிருக்கிறார்கள். இரண்டு கிராண்ட்மாஸ்டர்கள் ஆடியிருக்கிறார்கள், ஆட்டம் டிரா, எனவே மூவ் நல்ல மூவ் என்று எண்ணத் தோன்றும். ஆனால் மைல்ஸ் அந்த இடத்தில் சரியான பதிலை ஆடவில்லை. ஸபாட்டா ஆடினார்.

இதில் உள்ள பாடம் இதுதான். ஆட்டப் பதிவில் நடந்தது மட்டுமே இருக்கும். நடந்திருக்கக் கூடியது இருக்காது. அதை நாம்தான் தேட வேண்டும். தேடுவதற்குத்தான் கம்ப்யூட்டர்.

என்னென்ன தேவை?

பெரிய செலவு எதுவும் இல்லை. புதிய, பழைய எந்தக் கம்ப்யூட்டரும் போதும். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.

இன்டர்நெட் இணைப்பு இருந்தால் லிசெஸ் என்ற இணையதளம் வசதியானது. பிரவுசரில் லிசெஸ் டாட் ஓஆர்ஜி என்ற முகவரிக்குச் செல்லுங்கள். விளம்பரம் கிடையாது, கட்டணம் கிடையாது. இலவசமாகப் பதிவு செய்துகொண்டால் உங்கள் குறிப்புகளைச் சேமித்து வைக்கலாம். சிறு பிள்ளைகளுக்குக் கணக்கு தொடங்கும்போது, கணக்கின் அமைப்புகளில் 'கிட் மோட்' என்பதை ஆன் செய்துவிடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் பிள்ளையுடன் உரையாடும் வழி அடைபட்டுவிடும்.

எப்போதும் இணைப்பு இருக்காது என்பவர்கள் லூகாஸ் செஸ் என்ற இலவச புரோகிராமை இறக்கி நிறுவிக்கொள்ளலாம். ஸ்டாக்ஃபிஷ் உள்ளிட்ட செஸ் இன்ஜின்கள் அதனுடனேயே வருகின்றன. எந்த புரோகிராமையும் அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 'இலவச செஸ்' என்று தேடி, முதலில் வரும் ஏதோ ஒரு தளத்தில் கிளிக் செய்தால் வைரஸும் சேர்ந்து வரலாம்.

இன்ஜின் என்று சொன்னேன். ஒரு நிலையைக் கொடுத்தால் அதில் சிறந்த மூவ் எது என்று கணக்கிட்டுச் சொல்லும் புரோகிராம்தான் இன்ஜின். இன்று வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ், உலக சாம்பியனையும் தோற்கடிக்கும் வலிமை கொண்டது.

பிஜிஎன் பைல்: ஆட்டத்தின் ஜாதகம்

செஸ் ஆட்டங்கள் பிஜிஎன் என்ற வகைப் பைல்களில் பதிவாகின்றன. ஸ்டீவன் எட்வர்ட்ஸ் என்பவர் 1993-ல் இந்த முறையை வகுத்தார். இதன் சிறப்பு என்னவென்றால், இது வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். எந்த செஸ் புரோகிராமும் இதைப் புரிந்துகொள்ளும்.

பைலின் மேல்பகுதியில் சதுர அடைப்புக்குறிகளுக்குள் ஏழு விவரங்கள் இருக்கும்: போட்டியின் பெயர், இடம், தேதி, சுற்று, வெள்ளை ஆடியவர், கருப்பு ஆடியவர், முடிவு. அதற்குக் கீழே மூவ்கள் வரிசையாக வரும்.

பலகையில் இடமிருந்து வலமாக எட்டு வரிசைகளுக்கும் ஏ முதல் ஹெச் வரை ஆங்கிலச் சிறிய எழுத்துகள். கீழிருந்து மேலாக 1 முதல் 8 வரை எண்கள். காய்களுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள்: ராஜாவுக்கு 'கே', ராணிக்கு 'க்யூ', யானைக்கு 'ஆர்', பிஷப்புக்கு 'பி', குதிரைக்கு 'என்'. (பிஷப்பைச் சில வீடுகளில் மந்திரி என்பார்கள்.) சிப்பாய்க்கு எழுத்து கிடையாது, கட்டத்தின் பெயர் மட்டும். குறுக்கே 'எக்ஸ்' வந்தால் வெட்டு. கூட்டல் குறி வந்தால் செக்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பிஷப்பும் இரண்டாவது வரிசையும் ஒரே எழுத்து. பெரிய எழுத்தாக இருந்தால் பிஷப். சிறியதாக இருந்தால் வரிசை. அதேபோல் காஸ்லிங்கைக் குறிக்க பிஜிஎன் பைலில் வருவது பூஜ்யம் அல்ல, ஆங்கிலப் பெரிய 'ஓ' எழுத்து. கையால் டைப் செய்கிறவர்கள் இந்த இரண்டிலும் தவறினால் புரோகிராம் பிழை காட்டும்.

நிறைய ஆட்டங்கள் வேண்டுமென்றால் 'தி வீக் இன் செஸ்' என்ற தளத்துக்குப் போகலாம். மார்க் கிரவுதர் என்பவர் 1994-ல் தொடங்கியது. அந்தந்த வாரத்தின் ஆட்டங்கள் ஒரே பிஜிஎன் பைலாகக் கிடைக்கும். ஆனால் இன்றைக்கு நமக்கு ஒரே ஓர் ஆட்டம் போதும். அதுவும் ஆறு மூவ்தான். மவுஸாலேயே ஆடிவிடலாம்.

படி 1: இன்ஜினை அணைத்துவிட்டு ஆடிப் பாருங்கள்

லிசெஸ் தளத்தின் மேலே 'டூல்ஸ்' மெனுவில் 'அனலிசிஸ் போர்டு' என்பதைக் கிளிக் செய்யுங்கள். பலகை வரும். வலது பக்கம் மேலே உள்ள சுவிட்ச்தான் இன்ஜின். அது ஆஃப் நிலையில் இருக்கட்டும். இப்போது இந்த மூவ்களை மவுஸால் ஆடுங்கள்:

1. வெள்ளை: சிப்பாய் இ4. கருப்பு: சிப்பாய் இ5.
2. வெள்ளை: குதிரை எஃப்3. கருப்பு: குதிரை எஃப்6.
3. வெள்ளை: குதிரை இ5-ல் சிப்பாயை வெட்டுகிறது. கருப்பு: சிப்பாய் டி6.
4. வெள்ளை: குதிரை எஃப்3-க்குத் திரும்புகிறது. கருப்பு: குதிரை இ4-ல் சிப்பாயை வெட்டுகிறது.
5. வெள்ளை: குதிரை சி3. கருப்பு: பிஷப் எஃப்5.
6. வெள்ளை: ராணி இ2. கருப்பு தோல்வியை ஒப்புக்கொள்கிறது.

இந்தத் தொடக்கத்துக்குப் பெட்ராஃப் தற்காப்பு என்று பெயர். 19-ம் நூற்றாண்டு ரஷ்ய ஆட்டக்காரர் அலெக்சாண்டர் பெட்ராஃபின் பெயரால் வந்தது. ரஷ்யத் தற்காப்பு என்றும் சொல்வார்கள்.

விசைப்பலகையில் இடது, வலது அம்புக்குறி விசைகளை அழுத்தினால் ஆட்டம் பின்னும் முன்னும் நகரும். இரண்டு மூன்று முறை ஓட்டிப் பாருங்கள்.

படி 2: ஒவ்வொரு மூவிலும் மூன்று கேள்விகள்

இதுதான் படிப்பின் உயிர்நாடி. ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூவிலும் நிறுத்தி இந்த மூன்றையும் கேளுங்கள்:

ஒன்று, இந்த மூவ் எதைத் தாக்குகிறது, எதைக் காக்கிறது?
இரண்டு, இந்த மூவால் எந்த வரிசை திறந்தது, எந்தக் காய் காவலை இழந்தது?
மூன்று, எதிராளி கொடுக்கக் கூடிய செக் எது, வெட்டு எது, மிரட்டல் எது?

நான்காவது மூவ் முடிந்த நிலையில் நிறுத்துங்கள். இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள். இ வரிசையில் இருந்த இரண்டு சிப்பாய்களும் போய்விட்டன. வரிசை முழுவதும் திறந்து கிடக்கிறது. அதன் ஒரு கோடியில் கருப்பு ராஜா, இன்னும் காஸ்லிங் செய்யாமல். நடுவில் கருப்புக் குதிரை, இ4-ல். இந்தக் காட்சியை மனதில் பதியுங்கள். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

ஐந்தாவது மூவில் வெள்ளை சி3-க்குக் குதிரையைக் கொண்டுவந்து இ4 குதிரையைத் தாக்குகிறது. கருப்பு எஃப்5-க்குப் பிஷப்பைக் கொண்டுவந்து குதிரையைக் காக்கிறது. பார்த்தால் நல்ல மூவ்தான். காயும் வெளியே வந்தது, குதிரைக்கும் காவல் கிடைத்தது. பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்கும் பொது விதிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்துகிறது.

மூன்றாவது கேள்வியைக் கேட்டால்தான் ஆபத்து தெரியும். ராணி இ2 ஆடினால் என்ன? இப்போது இ4 குதிரையை இரண்டு காய்கள் தாக்குகின்றன: சி3 குதிரையும் ராணியும். காப்பது ஒரே ஒரு பிஷப். குதிரையை நகர்த்தவும் முடியாது. நகர்ந்தால் பின்னால் உள்ள ராஜாவுக்கு ராணியின் செக். இப்படிக் கட்டுண்ட காய்க்கு 'பின்' ஆன காய் என்று பெயர்.

படி 3: தோற்றவர் பக்கம் உட்கார்ந்து தப்பிக்கப் பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். ஆட்டம் முடிந்துவிட்டது என்று மூடிவிடக் கூடாது. விசைப்பலகையில் ஆங்கில 'எஃப்' விசையைத் தட்டினால் பலகை திரும்பும். கருப்புப் பக்கம் உட்கார்ந்து, ஆறாவது மூவுக்குப் பிறகு குதிரையைக் காப்பாற்ற வழி இருக்கிறதா என்று பத்து நிமிடம் தேடுங்கள். மூன்று யோசனைகள் தோன்றும்.

முதல் யோசனை: சிப்பாயை டி5-க்குத் தள்ளி இன்னொரு காவல் போடுவது. வெள்ளை டி3 என்று சிப்பாயை நகர்த்தும். சிப்பாய் குதிரையைத் தாக்குகிறது. குதிரையோ நகர முடியாது. ஒரு சிப்பாய்க்குக் குதிரை போகிறது.

இரண்டாவது யோசனை: பிஷப்பை இ7-ல் வைத்து ராஜாவை மறைப்பது. பின் போய்விடும், ஆனால் எண்ணிக்கை மாறவில்லை. வெள்ளைக் குதிரை இ4-ல் வெட்டும், கருப்பு பிஷப் திருப்பி வெட்டும், வெள்ளை ராணி அந்த பிஷப்பை வெட்டும். வெள்ளைக்கு ஒரு காய் லாபம்.

மூன்றாவது யோசனை: ராணியை இ7-ல் வைப்பது. இதுதான் புத்திசாலித்தனமான முயற்சி. ராணி ராஜாவை மறைக்கிறது, குதிரையையும் காக்கிறது. ஆனால் வெள்ளைக் குதிரை சி3-லிருந்து டி5-க்குத் தாவும். அங்கிருந்து இ7 ராணியையும் சி7 சிப்பாயையும் ஒரே நேரத்தில் தாக்கும். ராணி இ6-க்குப் போனால் சி7-ல் குதிரை வெட்டி செக். ராஜா, ராணி, யானை மூன்றும் ஒரே குதிரையிடம் சிக்கும். ராணி டி8-க்கோ டி7-க்கோ ஒதுங்கினால் மறுபடியும் டி3. மறுபடியும் பின் ஆன குதிரை போகிறது.

மூன்று கதவும் மூடியாயிற்று. ஆனந்த் ஏன் அந்த இடத்திலேயே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார் என்பது இப்போது நமக்கே தெரிகிறது. யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிந்ததல்ல. பலகையில் தேடித் தெரிந்தது. இப்படித் தெரிந்துகொண்டது மறக்காது.

படி 4: இப்போது இன்ஜினை ஆன் செய்யுங்கள்

வலது மேல் சுவிட்சைத் தட்டுங்கள். ஓர் எண்ணும் அதன் கீழே மூவ்களின் வரிசையும் தோன்றும். எண் பிளஸ்ஸில் இருந்தால் வெள்ளைக்குச் சாதகம், மைனஸில் இருந்தால் கருப்புக்கு. ஏறத்தாழ ஒரு புள்ளி என்பது ஒரு சிப்பாயின் மதிப்பு. அம்புக்குறி விசையால் ஒவ்வொரு மூவாக நகருங்கள். நான்காவது மூவ் வரை எண் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ஐந்தாவது மூவில் பிஷப் எஃப்5 வந்ததும் எண் குதித்து மேலே போகும். பழைய கம்ப்யூட்டராக இருந்தால் சில விநாடிகள் பொறுங்கள். எண் நிலைப்பட வேண்டும்.

இப்போது மைல்ஸ் ஆடியதைப் போட்டுப் பாருங்கள். ஆறாவது மூவாக ராணிக்குப் பதில் வெள்ளைக் குதிரை இ4-ல் வெட்டட்டும், கருப்பு பிஷப் திருப்பி வெட்டட்டும். எண் மறுபடி பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். இழுத்துக் கட்டிய முடிச்சை வெள்ளை தானே அவிழ்த்துவிட்டது. பழைய பதிவில் 'டிரா' என்று இருந்ததன் ரகசியம் இதுதான்.

1988-ல் இப்படிச் சட்டென்று சரிபார்க்க வழி கிடையாது. அச்சில் வந்த ஆட்டத் தொகுப்புகளைத்தான் பெரிதும் நம்பினார்கள். இன்று பத்து வயதுப் பிள்ளையின் மேசையில் அந்த வசதி இருக்கிறது. ஆனால் இன்ஜின் 'ராணி இ2' என்று விடை சொல்லும், காரணம் சொல்லாது. முதலிலேயே அதை ஆன் செய்துவிட்டால் கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்து விடை எழுதுவது போலத்தான். அதனால்தான் நான்காவது படியில் வைத்தேன்.

படி 5: ஒப்பிட்டுப் பாருங்கள்

ஒரு காரணம் புரிந்தால் அது பல மூவ்களை விளக்கும். மூன்று ஒப்பீடுகள் தருகிறேன். மூன்றையும் பலகையில் ஆடிப் பாருங்கள்.

முதலாவது, பள்ளிப் போட்டிகளில் அடிக்கடி விழும் பொறி. மூன்றாவது மூவில் வெள்ளை இ5 சிப்பாயை வெட்டியதும், கருப்பு டி6 ஆடாமல் உடனே இ4 சிப்பாயை வெட்டுகிறது. வெள்ளை ராணி இ2. கருப்புக் குதிரை பயந்து எஃப்6-க்கு ஓடுகிறது. வெள்ளைக் குதிரை இ5-லிருந்து சி6-க்குத் தாவினால் ராணியின் செக் திறக்கிறது. அதே நேரம் குதிரை கருப்பு ராணியைத் தாக்குகிறது. ராணி போயிற்று. கவனியுங்கள்: அதே திறந்த வரிசை, அதே ராணி இ2, அதே நடுவில் நிற்கும் ராஜா.

இரண்டாவது, வெள்ளை ஐந்தாவது மூவிலேயே ராணி இ2 ஆடினால்? கருப்பும் ராணியை இ7-ல் வைத்துத் தப்பித்துவிடும். வெள்ளை டி3, கருப்புக் குதிரை எஃப்6, ஆட்டம் சமம். காரணம், வெள்ளைக் குதிரை சி3-ல் இல்லை. டி5-க்குத் தாவ ஆளில்லை.

மூன்றாவது, ஐந்தாவது மூவில் வெள்ளை சிப்பாயை டி4-க்கு நகர்த்தினால்? பலரும் ஆடும் வழி இது. கருப்பு டி5 ஆடிக் குதிரையை நடுவில் நிலைநிறுத்தலாம். டி சிப்பாய் ஏற்கெனவே டி4-க்குப் போய்விட்டதால் டி3 என்ற கத்தி வெள்ளையிடம் இல்லை.

அப்படியானால் குதிரை சி3-க்குச் சரியான பதில் என்ன? குதிரையை மாற்றிக்கொள்வதுதான். கருப்புக் குதிரை சி3-ல் வெட்டுகிறது, வெள்ளை டி சிப்பாயால் திருப்பி வெட்டுகிறது, கருப்பு பிஷப் இ7. திறந்த வரிசையில் மாட்ட இனிக் குதிரை இல்லை, அடுத்து காஸ்லிங். இந்த வழியை இன்றும் கிராண்ட்மாஸ்டர்கள் ஆடுகிறார்கள். வெள்ளை பெரும்பாலும் பிஷப் இ3, ராணி டி2 என்று வைத்து ராணிப் பக்கம் காஸ்லிங் செய்யும். கருப்பு ராஜாப் பக்கம் செய்யும். இரண்டு ராஜாக்களும் எதிரெதிர்ப் பக்கம் இருப்பதால் சிப்பாய்களை ஏவித் தாக்கும் ஆட்டம் பிறக்கிறது. ஓப்பனிங் படிப்பு என்பது இங்கே வந்து நிற்க வேண்டும்: பத்துப் பன்னிரண்டு மூவ் முடிந்ததும் எந்தக் காய் எங்கே நிற்கிறது, அடுத்து என்ன செய்யப் போகிறோம்?

படி 6: டேட்டாபேஸ் பார்ப்பதும் அதன் ஆபத்தும்

பலகைக்குப் பக்கத்தில் புத்தகம் போன்ற ஒரு ஐகான் இருக்கும். அதைக் கிளிக் செய்தால் 'ஓப்பனிங் எக்ஸ்புளோரர்' திறக்கும். இதே நிலையில் மாஸ்டர்கள் எந்த மூவை எத்தனை முறை ஆடினார்கள், வெள்ளை எத்தனை வென்றது, டிரா எத்தனை, கருப்பு எத்தனை என்று பட்டையாகக் காட்டும்.

மிகவும் பயனுள்ள வசதி. ஆனால் மைல்ஸ் ஆட்டத்தை நினைவில் வையுங்கள். ஒரு மூவுக்கு எதிரே ஒன்றிரண்டு ஆட்டங்களும் நல்ல முடிவுகளும் இருந்தால் அது நல்ல மூவ் என்று ஆகிவிடாது. எதிராளி தவறவிட்டிருக்கலாம். நூற்றுக்கணக்கில் ஆடப்பட்ட மூவ் என்றால் ஓரளவு நம்பலாம்; அப்போதும் மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டு நம்புங்கள்.

என் மென்பொருள் வேலையிலும் இதே கதைதான். வேறொருவர் எழுதிய புரோகிராம் துண்டை எடுத்து ஒட்டினால் அன்றைக்கு ஓடும். ஏன் ஓடுகிறது என்று தெரியாதவர், அது நின்றுபோகும் நாளில் விழிப்பார். ஒவ்வொரு வரியையும் கேள்வி கேட்டுப் படித்தவர் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

படி 7: குறிப்பு எழுதிச் சேமியுங்கள்

லிசெஸ் தளத்தில் 'லேர்ன்' மெனுவில் 'ஸ்டடி' என்ற பகுதி உண்டு. அங்கே புதிதாக ஒன்றைத் தொடங்கி, ஆட்டத்தை ஏற்றி, ஒவ்வொரு மூவுக்கும் கீழே உங்கள் குறிப்பை எழுதலாம். தமிழிலேயே எழுதலாம். யுனிகோட் தமிழ் விசைப்பலகை கம்ப்யூட்டரில் இருந்தால் போதும். பிஜிஎன் பைலை நோட்பேடில் திறந்து எழுதுகிறவர்கள், குறிப்பை நெளிவு அடைப்புக்குறிகளுக்குள் எழுத வேண்டும். மாற்று மூவ்களை வளைவு அடைப்புக்குறிகளுக்குள் எழுத வேண்டும். சேமிக்கும்போது 'என்கோடிங்' என்ற இடத்தில் யுடிஎஃப்-8 இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

குறிப்பு எழுதும்போது "இது நல்ல மூவ்" என்று எழுத வேண்டாம். "இ வரிசை திறந்திருக்கிறது, ராஜா நடுவில், இ4 குதிரை மாட்டும்" என்று காரணத்தை எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் புரியும்.

எந்த ஆட்டத்தை, எத்தனை நாள்?

வாரத்துக்கு ஓர் ஆட்டம் போதும். நாற்பது நிமிடம் ஒதுக்கினால் மேலே சொன்ன படிகள் எல்லாம் முடிந்துவிடும். வெள்ளைக்கு ஒரு தொடக்கம், கருப்புக்கு ஒன்று என்று தேர்ந்தெடுத்து, அதே தொடக்கத்தில் வந்த ஆட்டங்களையே தொடர்ந்து எடுங்கள். முதலில் முப்பது மூவுக்குள் முடிந்த ஆட்டங்களைப் பாருங்கள். தவறு எங்கே நடந்தது என்பது சுலபமாகத் தெரியும். வென்ற ஆட்டத்தைப் போலவே தோற்ற ஆட்டமும் பாடம் சொல்லும் என்பதற்கு இன்று பார்த்ததே சாட்சி. பிள்ளை தன் சொந்த ஆட்டத்தையும் இதே முறையில் படிக்கலாம். போட்டியில் எழுதிய ஸ்கோர்ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து அன்று மாலையே ஏற்றி, படித்த ஆட்டத்திலிருந்து எந்த மூவில் பிரிந்தது என்று பார்த்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை. இன்டர்நெட்டில் ஒருவருடன் ஆடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு விண்டோவில் இன்ஜினைத் திறக்கக் கூடாது. அது மோசடி. தளங்கள் இதைக் கண்டுபிடித்துக் கணக்கை முடக்கிவிடுகின்றன. இன்ஜின் ஆட்டத்துக்குப் பிறகு மட்டும்.

அடுத்த ஆட்டமாக எதை எடுக்கலாம் என்றால், ஆனந்தின் இன்னோர் ஆட்டத்தையே சொல்வேன். 2013 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீ ஊரில் லெவான் ஆரோனியனுக்கு எதிராக, இதிலும் கருப்புக் காய்களுடன் ஆடி 23 மூவில் வென்றது. 2012-ல் கெல்ஃபாண்டுக்கு எதிரான உலக சாம்பியன் போட்டிக்காக வீட்டில் தயாரித்து வைத்திருந்த யோசனை அதில் பயன்பட்டது. அதைப் பார்த்தவர்களுக்கு, 1907-ல் ரோட்லேவிக்கு எதிராக ரூபின்ஸ்டைன் ஆடிய புகழ்பெற்ற ஆட்டம் நினைவுக்கு வந்தது. தொடக்கம் வேறு, மூவ்கள் வேறு. இரண்டு பிஷப்புகளும் குதிரைகளும் ராஜாவைச் சுற்றி வளைக்கும் எண்ணம் மட்டும் அதே எண்ணம். மூவ்களைத் தாண்டி எண்ணத்தைப் படித்தவருக்கு நூறு ஆண்டுக்கு முந்தைய பதிவும் உதவும்.

ஆறு மூவில் தோற்ற அந்த 18 வயது இளைஞர் பின்னர் ஐந்து முறை உலக சாம்பியன் ஆனார். நம் பக்கத்து ஈரோட்டின் இனியன் 2019-ல் கிராண்ட்மாஸ்டர் ஆகியிருக்கிறார். 2024-ல் சென்னையின் குகேஷ் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். உங்கள் வீட்டுப் பிள்ளை அந்த உயரத்துக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆனால் கண்ணில் பட்டதை அப்படியே நம்பாமல், "ஏன்?" என்று கேட்டு, தானே சோதித்துப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால், அது செஸ் பலகையோடு நின்றுவிடாது. இன்று மாலை அந்த ஆறு மூவையும் பிள்ளையுடன் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். ஆறாவது மூவில் நிறுத்தி, தப்பிக்க வழி இருக்கிறதா என்று பிள்ளையைக் கேளுங்கள். இன்ஜின் சுவிட்சை மட்டும் கொஞ்ச நேரம் தொடாதீர்கள்.